முன்சீட்டுப் பிள்ளை

அந்த ஞாயிற்றுக்கிழமை நிலக்ஷி நகம் வெட்டிக்கொள்ள மறுத்தாள். பூரணியின் மனதில் முதல் முள் ஏறியது அப்போதுதான்.

லயத்து வரிசைவீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து மகளை இழுத்து உட்கார வைத்திருந்தாள். தலைக்கு ஊற்றிய ஈரம் பிள்ளையின் முடியில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. இடது கையைப் பேசாமல் கொடுத்தவள், வலது கையைப் பிடித்ததும் வெடுக்கென்று இழுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"இந்தக் கை வேணாம்மா."

"ஏன், இது மட்டும் என்னா ராணி கையா? கொண்டா இங்க."

"வேணாம்மா. நாளைக்கு வேன்ல..." என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள்.

"வேன்ல என்னா?"

"ஒண்ணுமில்ல."

வற்புறுத்திப் பிடித்திருந்தால் வெட்டியிருக்கலாம். ஆனால் அந்த 'ஒண்ணுமில்ல' பூரணியைத் தடுத்துவிட்டது. ஒன்பது வயதுப் பிள்ளை சொல்கிற மாதிரியே இல்லை. கடனை மறைக்கிற பெரிய மனுசி சொல்கிற மாதிரி இருந்தது. பிளேடைக் காகிதத்தில் சுற்றி உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

முன்பெல்லாம் நிலக்ஷி அப்படி இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாய் ஓயாது. யார் யாரைக் கிள்ளினார்கள், எந்த டீச்சர் புதுச் சேலை கட்டி வந்தார், நோர்வூட் டவுனில் எந்தக் கடையில் கிளி வளர்க்கிறார்கள் என்று ஒன்றுவிடாமல் ஒப்பிப்பாள். தைப்பொங்கல் கழிந்து பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து அந்தச் சத்தம் நின்றுபோயிருந்தது. சாயங்காலம் புத்தகத்தின் மேலேயே தூங்கி விழுந்தாள். சோறு பிசைந்த கை தட்டிலேயே கிடக்கத் தலை சாய்ந்துவிடும். காலையிலோ, எழுப்ப வேண்டிய அவசியமே இல்லை. பூரணி அடுப்பு மூட்ட எழும்போது பிள்ளை போர்வைக்குள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்தும் பார்த்தாயிற்று. திருஷ்டி சுற்றிப் போட்டும் பார்த்தாயிற்று.

திங்கட்கிழமை மலையில் கொழுந்து எடுக்கும்போது, பக்கத்து நிரையில் நின்ற நாகலெட்சுமி மெல்லப் பேச்சைத் தொடங்கினாள். அவளுடைய மகள் சர்மிளாவும் நிலக்ஷியோடு ஒரே வேனில் போகிறவள்.

"பூரணி, ஒண்ணு கேப்பேன், தப்பா எடுத்துக்காத."

"சொல்லுங்கக்கா."

"ராயப்பன் ஒம்மகளத்தான் எப்பவும் முன்னுக்கு ஒக்கார வைக்கிறாராம். மத்த புள்ளைங்க எல்லாம் பின்னுக்கு ஒண்ணு மேல ஒண்ணு நசுங்குதுங்க. இது ஒண்ணுக்கு மட்டும் முன் சீட்டு. டொபி வேற வாங்கிக் குடுக்குறாராம். ஏன் அப்பிடின்னு எம்மககிட்ட கேட்டேன். 'அது ரகசியம்மா'ன்னு சொல்லிட்டு ஓடிருச்சு."

பூரணியின் கை கொழுந்தின் மேல் அப்படியே நின்றது.

"ரகசியமா?"

"அப்பிடித்தான் சொல்லுச்சு. நமக்கென்ன தெரியும்? நல்ல மனுசன்தான். இருந்தாலும் சொல்லி வைப்போம்னு..."

நல்ல மனுசன்தான். அதைத் தோட்டம் முழுக்கச் சொல்வார்கள். ஆனைப்பாறைத் தோட்டத்து மேற்பிரிவுப் பிள்ளைகளை நோர்வூட்டுக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவது அவருடைய வேன்தான். காலை பஸ் மேலே வரும்போதே நிறைந்து வரும், கை நீட்டினால் நிற்காது. போன மழைக்காலத்தில் பக்கத்து லயத்துப் பெண்ணுக்கு இடுப்புவலி கண்டபோது, கொட்டுகிற மழையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அவர்தான். பிள்ளைகளுக்கெல்லாம் 'ராயப்பன் மாமா'. பூரணியைத் 'தங்கச்சி' என்று கூப்பிடுவார். அப்படிப்பட்ட ஆளைப் பற்றி இப்படி நினைக்கலாமா என்று ஒரு மனது கேட்டது. அப்படிப்பட்ட ஆளைப் பற்றி யார்தான் நினைப்பார்கள் என்று இன்னொரு மனது கேட்டது. அந்த இரண்டாவது கேள்விதான் கொழுந்துக் கூடையை விடப் பாரமாக அன்று முழுக்க முதுகில் தொங்கியது.

அன்று சாயங்காலம் அடுப்படியில் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. இந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்க அவளுக்கு யாரும் சொற்களைக் கொடுத்து வைக்கவில்லை. பெரியவர்கள் பேசும்போது வாயை மூடு, ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் நிற்காதே, எதிர்த்துப் பேசாதே. அவள் வாங்கியதும் இவ்வளவுதான், மகளுக்குக் கொடுத்ததும் இவ்வளவுதான்.

"வேன்ல நீ எங்க ஒக்காருவ?"

"முன்னுக்கு."

"ஏன் ஒன்ன மட்டும் முன்னுக்கு வைக்கிறாரு?"

நிலக்ஷி அடுப்பு விறகை உள்ளே தள்ளினாள்.

"டொபி குடுத்தாரா?"

தலையை மட்டும் ஆட்டினாள்.

பூரணி இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தி, "ராயப்பன் மாமா ஒன்னத் தொட்டாரா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. நாந்தான் அவர..." என்று தொடங்கிய நிலக்ஷி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நீதான்? நீதான் என்னா? சொல்லுடி!"

"சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணிட்டேன்."

அடுத்த நொடி பூரணியின் கை பிள்ளையின் கன்னத்தில் விழுந்தது. விழுந்த பிறகுதான் விழுந்தது அவளுக்கே தெரிந்தது. பயம் கோபமாக மாறிக் கைக்கு வந்துவிட்டது. நிலக்ஷி அழவில்லை. அடுப்பிலிருந்து தள்ளிப் போய் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு கெஞ்சியும் ஒரு சொல் வரவில்லை. ரொட்டி ஆறிப்போய்க் கிடந்தது.

பிள்ளை தூங்கியதும் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிற கணவன் யோகராஜுக்குப் போன் எடுத்தாள். அந்தப் பக்கம் பீங்கான் கழுவுகிற சத்தம் கேட்டது. விசயத்தை அரைகுறையாகச் சொன்னாள்.

"ராயப்பன் அண்ணனா? ஒனக்குப் பைத்தியமா?" என்றான் அவன். "நாகலெட்சுமி பேச்சக் கேட்டுக்கிட்டு ஆடாத. வெளிய விட்றாத இத. நாளைக்கு நம்ம புள்ள பேருதான் கெட்டுப் போகும்."

"அப்ப என்னா செய்யிறது?"

"சும்மா இரு. நான் வந்து பாத்துக்குறேன்."

அவன் வருவது தீபாவளிக்குத்தான். பூரணி போனை வைத்துவிட்டு மகளின் பக்கத்தில் படுத்தாள். தூக்கத்தில் பிள்ளையின் வலது கை விரல்கள் எதையோ பிடித்துப் பிடித்து விட்டன.

மறுநாள் விடியுமுன் மகளோடு தானும் ரோட்டு முனைக்கு இறங்கினாள். வழக்கமாக அவள் வருவதில்லை, பெரட்டுக்கு ஓட வேண்டும். பேர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் கணக்கப்பிள்ளை முகத்தில் முழிக்க முடியாது. ஆனால் அன்றைக்கு அந்தப் பயம் சின்னதாகிவிட்டது. பனி மூட்டத்துக்குள் நாகலெட்சுமியும் இன்னும் இரண்டு தாய்மாரும் பிள்ளைகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். வேனின் மஞ்சள் வெளிச்சம் வளைவில் திரும்பி மெதுவாக ஏறி வந்தது. அளவுக்கு மீறி மெதுவாக வருவதாகப் பூரணிக்குப் பட்டது. பனியில் வேறு எப்படி வருவான் மனுசன் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

வேன் நின்றது. சர்மிளாவும் மற்றப் பிள்ளைகளும் பின்னால் ஏறினார்கள். நிலக்ஷி யாரும் சொல்லாமலே முன்கதவைத் திறந்து ஏறினாள். பூரணி அவள் பின்னாலேயே போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்து பார்த்தாள்.

"என்னா தங்கச்சி, இன்னைக்கு நீங்களே வந்துருக்கீங்க?" என்றார் ராயப்பன். கண் இரண்டும் சிவந்திருந்தன. குடித்த கண் மாதிரி இருந்தது, ஆனால் வாடை இல்லை. அவர் பூரணியைப் பார்த்துப் பேசினாலும் பார்வை ஒருமுறை பிள்ளையின் பக்கம் போய் வந்தது. சொல்லிவிட்டாயா என்று கேட்கிற பார்வை.

"சும்மாதாண்ணே."

கியர் போட அவர் இடது கையை நீட்டினார். ஸ்வெட்டரின் கை முழங்கை வரை மேலே சுருண்டது. உள்ளே இருந்த சின்ன வெளிச்சத்தில் பூரணி அதைப் பார்த்தாள். முன்னங்கை முழுக்கப் பிறை பிறையாகச் சின்னச் சின்ன நகக் கீறல்கள். சில காய்ந்து கறுத்திருந்தன. சில புதுசு. ஒரு பெண்பிள்ளையின் விரல் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம்.

ஒரு பிள்ளை ஒரு ஆம்பிளையின் கையை ஏன் இப்படிப் பிறாண்ட வேண்டும்? எதிலிருந்து தப்பப் பிறாண்டினாள்? நேற்று அவளைத்தானே அடித்தேன்?

மகளை இடுப்போடு பிடித்து வெளியே இழுத்தாள். புத்தகப் பை கதவில் மாட்டிக் கீழே விழுந்தது.

"என்னா தங்கச்சி, புள்ளைக்குச் சொகமில்லையா?" ராயப்பன் சீட்டிலிருந்து பாதி எழும்பினார்.

"இன்னைக்கு வரமாட்டா. நீங்க போங்க."

"நான் போகணும்!" நிலக்ஷி திமிறினாள். "அம்மா விடுங்க! நான் போகணும்!"

பூரணி விடவில்லை. எவ்வளவு மயக்கி வைத்திருந்தால் பிள்ளை இப்படித் துடிக்கும் என்றுதான் அவள் மனது போனது. ராயப்பன் ஒரு கணம் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பின்னால் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார், முன்கதவை எட்டிச் சாத்தினார். வேன் திரும்பி இறக்கத்தில் இறங்கியது.

"போயிருச்சு," என்றாள் நிலக்ஷி. சட்டென்று திமிறல் நின்று முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, வேன் போயிருச்சு. இப்ப யாரு கிள்ளுவா?"

"என்னாது?"

"மாமா தூங்கிருவாரும்மா! நான் இல்லாட்டி தூங்கிருவாரு! சர்மிளா உள்ளுக்கு இருக்கா!"

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது. சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் தொடங்கியதிலிருந்து ராயப்பன் மாமா ராத்திரி ராத்திரியாக ஹட்டன் ஸ்டேசனிலிருந்து மலையடியில் இருக்கிற நல்லதண்ணிக்கு ஆள் ஏற்றுகிறார். விடிய வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே பிள்ளைகளை ஏற்ற வருகிறார். ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் மூடிவிடும். ஒரு நாள் பாலத்துக்கு மேலே உள்ள வெள்ளைக் கல்லில் வேன் இடித்து நின்றது. அன்றைக்குப் பிள்ளைகள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். வீட்டில் சொன்னால் வேன் நின்றுவிடும், பள்ளிக்கூடமும் நின்றுவிடும், அப்புறம் எல்லோரும் கூடை மாட்டிக்கொண்டு மலைக்குத்தான் போக வேண்டும் என்றார். 'நிலக்ஷிதான் கெட்டிக்காரி, முழிச்சிக்கிட்டே இருப்பா' என்று முன்னால் வைத்துக்கொண்டார். கண் சொக்கினால் அவள் கிள்ள வேண்டும். மெதுவாகக் கிள்ளினால் எழும்ப மாட்டார். மற்றவர்கள் பின்னால் சத்தமாகப் பாட வேண்டும்.

பக்கத்தில் நின்ற நாகலெட்சுமி முழுவதும் கேட்டு முடிக்கவில்லை. "ஐயோ எம் புள்ள!" என்று தேயிலைக்கு நடுவே இறங்குகிற குறுக்குப் பாதையில் பாய்ந்துவிட்டாள்.

ரோடு மலையைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கும். பாதை நேரே விழும். நடுப்பிரிவில் பிள்ளைகளை ஏற்ற வேன் நிற்கும், அதற்குள் பிடித்துவிட வேண்டும். பூரணி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஈரப் படியில் இரண்டு தரம் வழுக்கினாள். காதைத் தீட்டிக்கொண்டே ஓடினாள். பனிக்குள் எங்கேயோ வேன் உறுமுகிற சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றபோது அவளுக்கு உயிரே நின்றுவிட்டது.

நடுப்பிரிவுக் கடைக்கு முன்னால் வேன் நின்றுகொண்டிருந்தது. பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ராயப்பன் ரோட்டோரத்தில் ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலியில் குனிந்து, குளிர்ந்த தண்ணீரை முகத்தில் அடித்து அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

பூரணி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. டிரைவர் பக்கத்துக் கதவுக்குள் கையை விட்டுச் சாவியை உருவி எடுத்தாள். நாகலெட்சுமி பின்கதவைத் திறந்து சர்மிளாவை வாரி இறக்கினாள்.

"என்னா தங்கச்சி இது? சாவியக் குடுங்க, நேரமாகுது," என்று முகத்தில் தண்ணீர் வழிய ராயப்பன் வந்தார்.

பிள்ளைகளை ஏற்ற வந்த தாய்மாரும், கடை வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஆட்களும் கூடிவிட்டார்கள். பூரணி மூச்சு வாங்க விசயத்தைச் சொன்னாள். சொன்னதும் ராயப்பன் சிரிக்கப் பார்த்தார்.

"சின்னப் புள்ள எதையோ கனாக் கண்டிருக்கும். என்னையா இப்பிடிச் சொல்றீங்க?"

"ஆமா, அண்ணனப் போயி..." என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "பள்ளிக்கொடத்துக்குப் போகக் கள்ளம், அதுக்கு ஒரு கத."

எல்லாக் கண்ணும் நிலக்ஷியின் பக்கம் திரும்பின. அவள் அம்மாவின் பின்னால் ஒடுங்கினாள். அந்தப் பழைய 'ஒண்ணுமில்ல' அவள் உதட்டுக்கு வந்துகொண்டிருப்பதைப் பூரணி பார்த்தாள். அந்த ஈர ரோட்டிலேயே மண்டியிட்டு மகளின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள்.

"நேத்து நான் ஒன்ன அடிச்சது தப்பு," என்றாள். எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னாள். "இப்ப யாரும் அடிக்க மாட்டாங்க. நீ சொன்னத நான் நம்புறேன். எங்கிட்ட சொன்ன மாதிரியே இவங்ககிட்டயும் சொல்லு."

நிலக்ஷி ஏதோ முணுமுணுத்தாள்.

"கேக்கலையே," என்றார் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றவர்.

"மாமா தூங்குறாரு!" பிள்ளையின் குரல் கிறீச்சிட்டது. "வேன் ஓடறப்பயே தூங்குறாரு! நான் கிள்ளிக் கிள்ளி எழுப்புறேன்! எனக்குக் கை வலிக்குது!"

பிறகு வேனுக்குள்ளிருந்து ஒரு சின்னப் பையன், "வெள்ளக் கல்லுல இடிச்சிச்சு," என்றான். "எங்களப் பாடச் சொல்லுவாரு," என்றது இன்னொன்று. "எனக்குத் தொண்ட கட்டிருச்சு, அப்பவும் பாடச் சொன்னாரு." எல்லாப் பிள்ளைகளின் வாயிலும் தனித்தனியாக இருந்த ரகசியம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

ராயப்பன் ஸ்வெட்டர் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு வேன் படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"சீசன் முடியிற வரைக்கும் சமாளிச்சிரலாம்னு நெனச்சேன்," என்றார். "வேனுக்கு லீசிங் கடன் கட்டணும். பகல் ஓட்டத்துல முடியல. புள்ளைங்க மேல எனக்கு ஆச இல்லையா?"

"ஆச இருந்து என்னாண்ணே?" என்றாள் பூரணி. அவள் நினைத்துப் பயந்தது இல்லை என்ற நிம்மதியும், நடந்துகொண்டிருந்தது இதுவா என்ற நடுக்கமும் அவளுக்கு ஒன்றாக வந்தன. "ஒம்பது வயசுப் புள்ள கையில அத்தன உசுரையும் குடுத்து வச்சிருந்தீங்களே."

அன்றையிலிருந்து தாய்மார்கள் பிள்ளைகளை நடத்திக்கொண்டே வேறு பஸ் பிடிக்க மெயின் ரோட்டுக்குப் போனார்கள். இரண்டு மூன்று நாள் எல்லோரும் பூரணியைப் புகழ்ந்தார்கள். அதற்குப் பிறகு கால் வலிக்கத் தொடங்கியது. பெரட்டுக்குப் பிந்தியவர்களைக் கணக்கப்பிள்ளை திருப்பி அனுப்பினார். "ஒம் மக வாயத் தொறந்தா, எங்க புள்ளைங்க மழையில நனையுது," என்று நேரிலேயே ஒருத்தி சொன்னாள்.

ராயப்பன் லயம் லயமாக வந்து மன்னிப்புக் கேட்டார். அந்தோனியார் மேல் சத்தியம் செய்தார், இனி ராத்திரி ஓட்டம் இல்லை என்று. யோகராஜும் போனில், "ஒத்துக்கிட்டாருல்ல, விட்டுரு," என்றான். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் மறுபடி வேனில் போகத் தொடங்கிய பிறகு, கடைசியாக நிலக்ஷியும் ஏறினாள். பின் சீட்டில்.

பூரணி நம்பவில்லை. சத்தியம் வாங்கிப் பிள்ளைகளின் வாயை அடைத்தவர்தானே இப்போது சத்தியம் செய்கிறார்? காலையில் தூரத்தில் நின்று அவர் கண்ணைப் பார்ப்பாள். சீசன் கூட்டம் நோர்வூட் டவுனைத் தாண்டிப் போகும்போதெல்லாம், எந்த வேன் போகிறது என்று கேட்டு வைப்பாள். ஆனால் எவ்வளவு பார்த்தாலும் வேனுக்குள் அவள் இருக்கப்போவதில்லை. உள்ளே இருக்கப்போவது பிள்ளைதான்.

ஆகவே சாயங்காலங்களில் ரொட்டி தட்டிக்கொண்டே கேட்பாள்.

"யாராச்சும் 'வீட்டுல சொல்லாத'ன்னு சொன்னா?"

"அத மொதல்ல வீட்டுலதான் சொல்லணும்."

"சத்தியம் வாங்கிருந்தா?"

"அது செல்லாது."

"பெரிய ஆளா இருந்தா?"

"இருந்தாலும் சொல்லணும்." நிலக்ஷி யோசித்தாள். "தொரையா இருந்தா?"

"தொரையா இருந்தாலுந்தான்."

"அப்பாவா இருந்தா?"

பூரணியின் கை மாவில் நின்றது. "அப்பாவா இருந்தாலும். நானா இருந்தாலும்."

"நீங்க அடிச்சீங்கன்னா?"

பூரணி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு மகளின் பக்கம் திரும்பினாள். "இனி அடிக்க மாட்டேன். அப்பிடியும் நான் கேக்கலன்னா சர்மிளா அம்மாகிட்ட சொல்லு. அவங்களும் கேக்கலன்னா பவுலின் டீச்சர்கிட்ட சொல்லு. கேக்குற ஆளு கெடைக்கிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இரு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளையும் சர்மிளாவையும் தேயிலை மலைக்கு மேலே கூட்டிக்கொண்டு போய், "நிறுத்துங்கன்னு கத்துங்க பாப்போம்," என்றாள். இரண்டும் வெட்கப்பட்டுச் சிரித்தன. பூரணியே கத்திக் காட்டினாள். மகளைத் தவிர வேறு யாரையும் பார்த்துக் கத்திப் பழகாத தொண்டை. சத்தம் பாதியில் உடைந்தது. அதற்கும் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு மூன்று பேருமாக, எதிர்மலையில் வேலை செய்தவர்கள் திரும்பிப் பார்க்கும்வரை கத்தினார்கள்.

மாசிப் பௌர்ணமிப் போயா வந்தது. மலை ஏறுகிற கூட்டம் ஹட்டனில் அலைமோதுவதாகச் சொன்னார்கள். போயா கழிந்த மறுநாள் காலை, பெரட்டு முடிந்து மேல் மலைக்கு ஏறிக்கொண்டிருந்த பூரணி கீழே ரோட்டைப் பார்த்தாள். பனி விலகிய இடத்தில், பாலத்துக்கு மேலே உள்ள வளைவில், ராயப்பனின் வேன் ஓரமாக நின்றுகொண்டிருந்தது. அது நிற்கிற இடமே இல்லை. பக்கத்தில் மண்மேட்டோடு வெள்ளைச் சீருடைகள் வரிசையாகத் தெரிந்தன.

கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். நாகலெட்சுமியும் பின்னால் வந்தாள்.

பிள்ளைகள் எல்லோரும் பையை மாட்டிக்கொண்டு ரோட்டின் உள்பக்கமாக நின்றார்கள். சின்னதுகளின் கையைப் பெரியவர்கள் பிடித்திருந்தார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. வேனுக்குள் ராயப்பன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து, வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஏறுறப்பவே கேட்டேம்மா, ராத்திரி தூங்குனீங்களான்னு," என்றாள் நிலக்ஷி. "தூங்குனேன்னுதான் சொன்னாரு. ஆனா கண்ணாடியில பாத்துக்கிட்டே இருந்தேன். இந்த வளைவுக்கு வர்றப்ப கண்ணு மூடிச்சு. நான் கத்துனேன். சர்மிளா கத்துனா. அப்பறம் எல்லாருமே கத்துனோம். பயந்து போயி நிறுத்திட்டாரு. நாங்க இறங்கிட்டோம். இந்தா வர்றேன், கொஞ்சம் இருங்கன்னு சொன்னாரு, அப்பிடியே தூங்கிட்டாரு."

"பயமா இருந்திச்சா?"

"இருந்திச்சு. திரும்ப ஏறச் சொன்னாரு. ஏறலன்னு சொல்றதுதான் ரொம்பப் பயமா இருந்திச்சு."

பூரணி கண்ணாடியைத் தட்டினாள். ராயப்பன் திடுக்கிட்டு விழித்தார். வெளியே நின்ற பிள்ளைகளைப் பார்த்தார், பூரணியைப் பார்த்தார். இந்த முறை எதையும் மறுக்கவில்லை. சாவியை அவரே உருவி நீட்டினார்.

"என்னால முடியல தங்கச்சி," என்றார். "நீங்களே வச்சிக்கங்க."

மார்ச் மாதத்திலிருந்து காலை ஓட்டத்துக்கு அவருடைய மச்சினன் வருவதென்று தாய்மார்கள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். பொகவந்தலாவைப் பக்கத்து ஆள். முதல் நாள் சிரித்த முகத்தோடு வந்து இறங்கினான். நெற்றியில் சந்தனம், கழுத்தில் புது மப்ளர். பூரணி அவனை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தாள். கண் சிவப்பாக இல்லை. அது மட்டும் போதுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஏறுங்க செல்லங்களா, ஏறுங்க," என்று கதவைத் திறந்துவிட்டான்.

நிலக்ஷி ஏறவில்லை. கதவுக்கு நேரே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"மாமா, ஒங்களுக்கு ராத்திரியில வேற வேல இருக்கா?"

அவன் சிரித்துவிட்டுப் பூரணியின் பக்கம் திரும்பினான், பிள்ளையை அதட்டுவாள் என்று எதிர்பார்த்தவன் போல. பூரணி ஒன்றும் சொல்லவில்லை. நாகலெட்சுமியும் சொல்லவில்லை. சர்மிளா வந்து நிலக்ஷியின் பக்கத்தில் நின்றாள், மற்றப் பிள்ளைகளும் பையோடு அவர்களைச் சுற்றி நின்றார்கள். அவன் சிரிப்பை நிறுத்திப் பதில் சொல்கிறவரைக்கும் ஒருத்தரும் படியில் கால் வைக்கவில்லை.